கீரைக் கட்டும் குடும்பக் கணக்கும்

வட சென்னையில் மாதவரம் ரவுண்டானாவைத் தாண்டிச் செங்குன்றம் போகும் பெருஞ்சாலையை விட்டு இறங்கும் கிளைச் சாலைகளில், சரக்குக் கிடங்குகளுக்கும் லாரிகள் நிற்கும் திடல்களுக்கும் நடுவே, இன்னும் சில கீரைப் பாத்திகள் எஞ்சியிருக்கின்றன. உச்சி வெயிலில் பிடுங்கிய கீரை விடிவதற்குள் துவண்டுவிடும் என்பதால் மாலை நாலு மணிக்கு மேல்தான் பாத்திக்குள் இறங்குவார்கள். நான் அடிக்கடி நின்று பார்க்கும் ஒரு கொல்லையில் மூன்று பெண்கள் இந்த வேலையைச் செய்கிறார்கள். மாமியார் குந்தியபடியே நகர்ந்து, சிறுகீரையை வேரோடு பிடுங்கி, மண்ணை உதறி, இடது கையில் சேர்த்துக்கொண்டே போகிறார். அவர் கை நிறைந்தால் அது ஒரு கட்டு. வேறு அளவு எதுவும் அங்கே கிடையாது. மருமகள் அதை வாங்கி வாழைநாரால் ஒரு சுற்றுச் சுற்றி, முடிச்சுப் போடாமல் ஒரு திருகுத் திருகிச் செருகிவிடுகிறார். பள்ளிக்கூடம் விட்டு வந்து சீருடையைக்கூட மாற்றாத பேத்தி, பம்புசெட்டுத் தொட்டித் தண்ணீரில் வேரை அலசி, கட்டுகளை அடுக்கி, ஈரச் சாக்கைப் போர்த்துகிறாள். இருட்டிய பிறகு கைப்பேசி வெளிச்சத்தில் வேலை தொடர்கிறது. மறுநாள் விடிகாலையில் எக்ஸ்எல் வண்டியில் வரும் தெரு வியாபாரிகள் எண்ணி வாங்கிக்கொண்டு கொடுங்கையூருக்கும் வியாசர்பாடிக்கும் தண்டையார்பேட்டைக்கும் போய்விடுவார்கள்.

இந்த மூவரில் ஒருவருக்கும் கூலி கிடையாது. கூலி கொடுக்க வேண்டியிருந்தால் அந்தக் கொல்லை என்றைக்கோ மனைகளாக மாறியிருக்கும்.

நகரத்தை ஒட்டிய விவசாயம் ஏன் அழிகிறது என்று கேட்டால் எல்லோரும் உடனே சொல்லும் பதில், நிலத்தின் விலை. அதை மறுப்பதற்கில்லை என்றாலும் எனக்கு அது பாதிப் பதிலாகவே படுகிறது. ஒரே சாலையின் இரு மருங்கிலும் விலை ஏறக்குறைய ஒன்றுதான். இந்தப் பக்கம் எல்லைக்கல் நட்டுப் பத்தாண்டுகள் ஆகியிருக்க, எதிர்ப்பக்கம் இன்னமும் அரைக்கீரை வளர்கிறது என்றால், வேறுபாட்டை விலையில் தேடிப் பயனில்லை, வீட்டுக்குள்தான் தேட வேண்டும். எந்த வீட்டில் எத்தனை கைகள் இருக்கின்றன, அவை என்ன வயதுக் கைகள், யார் வெளியே சம்பளத்துக்குப் போகிறார்கள், யார் வீட்டோடு நிற்கிறார்கள், பாகம் பிரிந்தாயிற்றா இல்லையா என்பவைதான் ஒரு குடும்பப் பண்ணை இன்னும் எத்தனை ஆண்டுகள் நிற்கும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிக்கின்றன. விலை வாசலில் காத்துக்கொண்டே நிற்கிறது; கைகள் குறையும் நாளில்தான் அது உள்ளே அழைக்கப்படுகிறது.

கூலியில்லாத உழைப்பு அரசாங்கத்தின் கணக்கில் இல்லாமல் இல்லை. குறைந்தபட்ச ஆதரவு விலையைப் பரிந்துரைக்கும் வேளாண் செலவு மற்றும் விலைகள் ஆணையம் சாகுபடிச் செலவைப் பல படிகளாகக் கணக்கிடுகிறது. விதை, உரம், டீசல், கூலியாள், குத்தகை என்று உழவர் கையை விட்டுப் போன செலவு ‘ஏ2’. அதோடு குடும்பத்தார் உழைப்புக்கு ஒரு மதிப்புப் போட்டுச் சேர்த்தால் ‘ஏ2 கூட்டல் எஃப்எல்’. சொந்த நிலத்தின் வாடகை மதிப்பையும் சொந்த முதலின் வட்டியையும் சேர்த்தால் ‘சி2’. எம்.எஸ். சுவாமிநாதன் தலைமையில் 2004 முதல் 2006 வரை இயங்கிய தேசிய விவசாயிகள் ஆணையத்தை மேற்கோள் காட்டி உழவர் அமைப்புகள் கேட்பது சி2வின் ஒன்றரை மடங்கை. 2018-19 நிதிநிலை அறிக்கையிலிருந்து நடுவண் அரசு கொடுப்பதாகச் சொல்வது ஏ2 கூட்டல் எஃப்எல்லின் ஒன்றரை மடங்கை. அந்தச் சண்டை நீண்டது, இங்கே அதற்குள் போகவில்லை. நமக்கு வேண்டியது நடுவில் இருக்கும் அந்த எஃப்எல் என்ற இரண்டு எழுத்துதான். நெல்லுக்காவது தில்லியில் ஒரு பதிவேட்டில் அந்த உழைப்புக்கு எண் ஒன்று எழுதப்படுகிறது. கீரைக்கு ஆதரவு விலையும் இல்லை, பதிவேடும் இல்லை. மாமியாரும் மருமகளும் பேத்தியும் குந்தியிருந்த நேரத்தைக் கூலியாகப் போட்டுப் பார்த்தால் அந்தக் கொல்லை பெரும்பாலான மாதங்களில் நட்டத்தில் ஓடுகிறது. போடாமல் விட்டால் அதுவே அந்த வீட்டின் சாப்பாடு, பள்ளிக் கட்டணம், நகைக்கடன் வட்டி எல்லாம். இரண்டு கணக்கும் சரியானவைதான்.

இந்த விந்தையை முதலில் முறையாக விளக்கியவர் ரஷ்யப் பொருளியலாளர் அலெக்சாண்டர் சயானோவ். உழவர் குடும்பம் முதலாளியைப் போல இலாபத்தைக் கணக்கிடுவதில்லை, வீட்டில் உண்ணும் வாய்களையும் உழைக்கும் கைகளையும் எடைபோட்டே எவ்வளவு பாடுபடுவது என்று முடிவு செய்கிறது என்று அவர் 1920களில் எழுதினார். வாய்கள் மிகுந்து கைகள் குறைந்த காலத்தில் குடும்பம் தன்னைத்தானே கசக்கிப் பிழிந்துகொள்ளும். பிள்ளைகள் வளர்ந்து கைகள் கூடும்போது சற்று மூச்சு விடும். கூட்டுப்பண்ணைக் கொள்கையோடு ஒத்துவராத இந்தக் கருத்துகளைச் சொன்னவர் 1930இல் கைதாகி, 1937இல் ஸ்டாலின் ஆட்சியில் சுட்டுக் கொல்லப்பட்டார். சிறு பண்ணைகளில் ஏக்கருக்கு விளைச்சல் கூடுதலாக இருப்பதை 1962இல் அமர்த்தியா சென் எடுத்துக்காட்டி, அதற்குக் குடும்ப உழைப்பின் தன்மையோடு தொடர்புபடுத்தி விளக்கம் தந்ததும் இதையொட்டியதே. கூலிக்கு வருபவர் கூலிக்கு ஈடான வேலை முடிந்ததும் கரையேறிவிடுவார். வீட்டு மனுஷி இருட்டிய பிறகும் கைப்பேசி விளக்கைப் பிடித்துக்கொண்டு இருப்பார்.

சயானோவின் வாயும் கையும் கணக்கை வட சென்னை விளிம்பில் வைத்துப் பார்த்தால் அதில் ஒரு திருத்தம் தேவைப்படுகிறது. இங்கே கைகள் நிலத்தில் மட்டும் உழைப்பதில்லை. மணலியில் 1969இல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் 1971இல் உரத் தொழிற்சாலையும் உற்பத்தியைத் தொடங்கின. எண்ணூரில் அதற்கு முன்பே அசோக் லேலண்ட் இருந்தது. இந்த ஆலைகள் விவசாயத்தை விழுங்கின என்று சொல்வது வழக்கம். நிலத்தையும் காற்றையும் நீரையும் பொறுத்தவரை அந்தக் குற்றச்சாட்டு நியாயமானது. ஆனால் அதே ஆலைகளின் ஷிப்டு முறை, ஒரு தலைமுறைக் காலம், சுற்றுவட்டார ஊர்களில் பல குடும்பங்களின் விவசாயத்தை முட்டுக்கொடுத்து நிறுத்தியது என்பதையும் சொல்லியாக வேண்டும். முதல் ஷிப்டு முடித்துப் பிற்பகலில் வீடு திரும்பியவர், சாப்பிட்டு ஒரு கண் அயர்ந்துவிட்டு, மோட்டாரைப் போட்டு மடை திருப்ப முடிந்தது. மழை தவறினால் மாதச் சம்பளம் விதையை வாங்கிக் கொடுத்தது. கந்துவட்டிக்காரரிடம் போகாமல் ஒரு பருவத்தைத் தாண்டிவிட்டால் அந்த நிலம் இன்னும் ஐந்தாண்டுகளுக்கு விற்கப்படாது என்பது இங்கே பலரும் அறிந்த கணக்கு.

நாடு முழுவதிலும் நிலைமை இதிலிருந்து பெரிதும் மாறுபட்டதில்லை. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2018-19ஆம் ஆண்டுக்காக நடத்திய ஆய்வின்படி ஒரு விவசாயக் குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 10,218 ரூபாய். அதில் கூலியாகவும் சம்பளமாகவும் வந்தது 4,063 ரூபாய். பயிரிலிருந்து வந்தது 3,798 ரூபாய். கால்நடையிலிருந்து 1,582 ரூபாய். விவசாயக் குடும்பம் என்று நாம் அழைக்கும் குடும்பத்துக்கே பயிரைவிடக் கூலியும் சம்பளமும்தான் கூடுதலாகச் சோறு போடுகின்றன. இந்தக் கணக்கின் இன்னொரு பக்கம் அதிகம் பேசப்படுவதில்லை. பணமாகக் கையை விட்டுப் போகாமல் வீட்டிலிருந்தே போன செலவுகளுக்கும் மதிப்புப் போட்டுக் கழித்தால் 10,218 ரூபாய் 8,337 ஆகச் சுருங்குகிறது. பயிர் வருமானம் 3,058 ரூபாயாகிறது. கால்நடை வருமானமோ 1,582 ரூபாயிலிருந்து 441 ரூபாய்க்கு வீழ்கிறது. மாடு வைத்திருப்பவர்களுக்கு இது புதிய செய்தியாக இருக்காது.

மாட்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வட சென்னைக்குப் பால்தான் பழைய தொழில். பால்பண்ணை என்ற பெயரையே தாங்கிய பகுதி மாதவரத்தில் இருக்கிறது. ஆவின் ஆலையும் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் வளாகமும் அங்கேதான். பெரம்பூர், வியாசர்பாடி சந்துகளில் எருமைகளைக் கட்டி வைத்துக் கறந்து கொடுத்த வீடுகளை ஐம்பது வயதைத் தாண்டிய எவரும் நினைவுகூர்வார்கள். அந்த மாடுகள் குறைந்ததற்கு மேய்ச்சல் நிலம் போனதையும், தீவன விலையையும், தெருவில் திரியும் மாடுகளுக்கு மாநகராட்சி விதிக்கும் அபராதத்தையும் காரணமாகச் சொல்கிறார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் கீரைப் பாத்தியை ஒரு நாள் விட்டுவிட்டுப் போகலாம், மாட்டை விட்டுவிட்டுப் போக முடியாது. விடியற்காலையில் ஒரு கறவை, பிற்பகலில் ஒரு கறவை, நடுவில் தவிடு, தண்ணீர், சாணி, கொட்டகை. இந்தக் கடிகாரத்துக்கு யாராவது ஒருவர் கட்டுப்பட்டு வீட்டிலேயே இருக்க வேண்டும். அந்த ஒருவர் அநேகமாக எப்போதும் பெண். புழல் பக்கம் மாடுகளை விற்றுவிட்ட ஒரு வீட்டில், காலியான கொட்டகையில் இப்போது ஸ்கூட்டி நிற்கிறது. “மாடு வித்தப்புறம்தான் தம்பி, எங்க தங்கச்சி வீட்டு விசேஷத்துல ரெண்டு ராத்திரி தங்கினேன்” என்றார் அந்த வீட்டு அம்மா. கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அதுதான் முதல் முறையாம். ஒரு பண்ணையின் முடிவு ஒரு மனுஷிக்கு விடுமுறையாக அமைகிறது என்பதைச் சிறு விவசாயத்தின் பெருமை பேசுபவர்கள், நானும் அவர்களில் ஒருவன்தான், வசதியாக மறந்துவிடுகிறோம்.

ஆகவே ஒரு குடும்பப் பண்ணையைத் தாங்கும் தூண் எதுவோ அதுவே அதன் பலவீனமும் ஆகிறது. பயிர் முழுவதும் கூலியாளை நம்பியிருந்தால் ஒருவர் போனால் இன்னொருவரை வைத்துக்கொள்ளலாம். மாமியாரின் முழங்கால் தேய்ந்துபோனால் அவருக்கு மாற்று ஆள் கிடையாது. மருமகளுக்குச் செங்குன்றத்துக் கிடங்கு ஒன்றில் பொட்டலம் கட்டும் வேலை கிடைத்து, மாதச் சம்பளமும் பி.எஃப். பிடித்தமும் வருகிறது என்றால், அவரைப் போக வேண்டாம் என்று யாரால் சொல்ல முடியும்? கீரை கட்டும் அதே கைகள்தான் அங்கேயும் கட்டுகின்றன. அங்கே கூலி உண்டு. அந்த வேலை ஷிப்டும் மணலி ஆலை ஷிப்டைப் போன்றதில்லை. போகவர ஆகும் நேரத்தைச் சேர்த்தால் பகல் முழுவதும் போய்விடுகிறது, இரவு வந்து மடை திருப்பத் தெம்பு இருப்பதில்லை.

இத்தனை உழைக்கும் பெண்களின் பெயர் நிலப் பதிவேட்டில் எங்கே இருக்கிறது என்று பார்த்தால், 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி நாட்டில் சாகுபடி நிலங்களை நிர்வகிப்பவர்களில் பெண்கள் சுமார் 14 விழுக்காடுதான். பட்டா இல்லாதவருக்குப் பயிர்க்கடன் எளிதில் கிடைக்காது. 2019இல் தொடங்கிய பிரதமர் கிசான் திட்டத்தின் ஆண்டுக்கு 6,000 ரூபாயும் நிலம் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான். பெண் விவசாயிகளை விவசாயிகளாகவே அங்கீகரிக்கக் கோரி எம்.எஸ். சுவாமிநாதன் மாநிலங்களவையில் கொண்டுவந்த தனிநபர் மசோதா, விவாதத்துக்கே வராமல் 2013இல் காலாவதியானது. ஐக்கிய நாடுகள் அவை 2026ஆம் ஆண்டைப் பெண் விவசாயிகள் ஆண்டாக அறிவித்திருக்கிறது.

நிலத்தின் பெயர்மாற்றம் என்ற பேச்சு எடுத்தவுடன் பாகப்பிரிவினை வந்து நிற்கும். தமிழ்நாட்டின் சராசரிச் சாகுபடிப் பரப்பு, அதே கணக்கெடுப்பின்படி, 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் கீழே. இது நான்கு பங்காளிகளுக்குப் பிரிந்தால் ஆளுக்கு அரை ஏக்கர்கூடத் தேறாது. 1989 மார்ச் 25க்கு முன் மணமாகாத பெண் மக்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சம பங்கு என்று தமிழ்நாடு அரசு சட்டம் திருத்தியது; 2005இல் அது நாடு முழுவதற்குமான சட்டமானது; 2020இல் உச்ச நீதிமன்றம் அந்த உரிமை பிறப்பாலேயே வருவது என்று தெளிவுபடுத்தியது. இது நீதி, தாமதமாக வந்த நீதி. கிராமத்தில் சீர்வரிசையோடு கணக்கு முடித்த தலைமுறை இதைக் குறை சொல்லும்போது எனக்கு உடன்பாடில்லை. ஆனால் நகர விளிம்பில் இதன் விளைவு என்ன என்பதைப் பார்க்காமல் இருக்க முடியாது. உள்ளூரில் நிலத்தின் விலை ஏக்கர் கணக்கிலிருந்து சதுர அடிக் கணக்குக்கு மாறிவிட்ட இடத்தில், உழுதுகொண்டிருக்கும் அண்ணனால் தங்கைகளின் பங்கைப் பணமாகக் கொடுத்து நிலத்தைத் தக்கவைத்துக்கொள்ள முடியாது. கீரை விற்றுச் சதுர அடிக்கு விலை கொடுப்பது எந்தக் காலத்திலும் நடக்காத காரியம். எனவே எல்லோரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டு விற்கிறார்கள், அல்லது யாரும் கையெழுத்துப் போடாமல் கூட்டுப்பட்டாவாகவே கிடக்கிறது. வேடிக்கை என்னவென்றால், பங்காளிச் சண்டையில் வழக்காகிக் கிடக்கும் நிலத்தில்தான் பல இடங்களில் இன்னும் பயிர் நடக்கிறது. விற்க முடியாததால் உழுகிறார்கள்.

தண்ணீர்க் கதையும் கடைசியில் வீட்டுக்குள்ளேயே முடிகிறது. மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பகுதிகளின் குழாய்க் கிணற்றுத் தொகுப்புகளிலிருந்து நகரத்துக்குத் தண்ணீர் எடுக்கத் தொடங்கி அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. நிலத்தடி நீரை இப்படி இறைத்ததில் மீஞ்சூர்ப் பக்கம் கடல்நீர் உள்ளே ஏறியது. வறட்சிக் காலங்களில் குடிநீர் வாரியம் விவசாயக் கிணறுகளிலிருந்து விலைக்கு நீர் வாங்கியிருக்கிறது; 2019 கோடையிலும் வாங்கியது. களை எடுக்க ஆளிருக்கும் வீடு பயிருக்கும் தண்ணீருக்கும் இடையே யோசித்துப் பார்க்கும். இரண்டு முதியவர்கள் மட்டும் இருக்கும் வீட்டுக்கு அதில் யோசிக்க ஒன்றுமில்லை: மோட்டாரைப் போட்டுக் குழாயைத் திருப்பிவிட்டால் போதும், குனிய வேண்டாம்.

நிர்வாக எல்லையும் தன் பங்குக்கு ஒன்றைச் செய்தது. 2011இல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தபோது மாதவரம், மணலி, புழல் முதலியவை உள்ளே வந்தன. ஊரக வளர்ச்சித் திட்டங்களில் இருந்த ஊராட்சிகளும் அந்த விரிவில் நகரமாயின. நூறு நாள் வேலை போன்றவை அங்கே முடிந்தன. வரப்பு அப்படியே இருக்க, அதன்மேல் நடப்பவர் ஒரே நாளில் நகரவாசி ஆனார்.

இன்று இப்பகுதியில் கண்ணில் படும் கீரைக் கொல்லைகளில் ஒரு பகுதி உழுபவரின் சொந்த நிலம் இல்லை. மனைக்காக வாங்கிப்போட்டு விலை ஏறக் காத்திருப்பவர்கள், இடம் ஆக்கிரமிப்பு ஆகாமல் இருக்கட்டும் என்று வாய்ப்பேச்சில் குத்தகைக்கு விடுகிறார்கள். குடும்பம் அங்கேயே தார்ப்பாய்க் கொட்டகை போட்டுத் தங்கும். கீரை இருபத்தைந்து முப்பது நாளில் கைக்கு வந்துவிடும் என்பதால் எப்போது காலி செய்யச் சொன்னாலும் பெரிய இழப்பில்லை; வாய்ப்பேச்சுக் குத்தகைக்கு ஏற்ற பயிர் அது. தமிழ்நாட்டில் 1955இலேயே குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டமும் 1969இல் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டமும் வந்திருந்தாலும் இந்தக் குடும்பங்களின் பெயர் கிராமப் பயிர்ப் பதிவேடான அடங்கலில் ஏறுவதில்லை, ஏற்றக் கேட்டால் நிலம் போய்விடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொட்டிய மழையில் பாத்திகள் மூழ்கியபோது, பயிர் நிவாரணம் கேட்க அவர்களிடம் காட்டுவதற்கு ஒரு தாளும் இல்லை. வீட்டுக்குள்ளே மருமகளின் உழைப்பு எழுதப்படாதது போலவே, ஊர்க் கணக்கில் இந்த வீடே எழுதப்படவில்லை.

பழகிய கண்ணுக்கு ஒரு நிலத்தின் பயிரைப் பார்த்தே அந்த வீட்டின் வயது தெரிந்துவிடும். சிறுகீரையும் வெந்தயமும் கொத்தமல்லியும் மாறி மாறி இருந்தால் வீட்டில் குனியக்கூடிய இரண்டு மூன்று பெண்கள் இருக்கிறார்கள். கொத்தமல்லி நின்று தண்டுக்கீரை மட்டும் இருந்தால் ஒருவர் குறைந்துவிட்டார். பொன்னேரிப் பக்கம் காய்கறி போட்ட நிலத்தில் நவரைப் பருவத்துக்கும் சொர்ணவாரிப் பருவத்துக்கும் நெல் மட்டும் என்றாகி, அதுவும் நாற்று நடாமல் நேரடி விதைப்பாக, அறுவடைக்கு இயந்திரம் வருகிறது என்றால், ஒரு பெரியவரும் அவருடைய கைப்பேசியும்தான் விவசாயம் செய்கிறார்கள். ஆட்கள் எல்லாம் எண்களாக அதில் இருக்கிறார்கள். மாங்கன்று வைத்தால் பிள்ளைகள் வெளியூர். கடலோர மணலில் சவுக்கு நட்டால் மூன்று நான்கு ஆண்டுகளுக்கு யாரும் வரத் தேவையில்லை, அதற்குள் பங்காளிகள் பேசி முடித்துவிடுவார்கள்.

முதலில் சொன்ன கொல்லைக்குச் சென்ற மாதம் போயிருந்தேன். மருமகள் கிடங்கு வேலைக்குச் சேர்ந்துவிட்டார். பேத்திக்குப் பத்தாம் வகுப்பு என்பதால் மாலையில் டியூஷன். மாமியார் பாதிப் பாத்திகளைச் சும்மா போட்டுவிட்டு, வரப்போரம் வாழை வைத்திருந்தார். மீதிப் பாத்திகளில் தானே பிடுங்கி, தானே கட்டி, தானே அலசிக்கொண்டிருந்தார். வாழைநாருக்குப் பதில் ரப்பர் பேண்டு போட்டிருந்தார். அதற்கு இன்னொரு கை வேண்டியதில்லை.